குவைத்தில் இருந்து வீடு வரை: 4 மணி நேரப் பயணம் வாரக்கணக்கில் நீண்ட கதை

குவைத்தில் விமானம் ஏறினால் சுமார் 4 மணி நேரத்தில் மும்பை வந்து சேரலாம். இரண்டு வருஷம் உழைத்து, பெட்டி நிறைய சாமானோடு ஊருக்கு வரும் தொழிலாளிக்கு அது சந்தோஷமான பயணம். 1990-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்த வழி ஒரே நாளில் அடைபட்டது.

ஆகஸ்டு 2-ந் தேதி அதிகாலையில் ஈராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்தது. அப்போது அங்கே சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் இந்தியர்கள் இருந்தார்கள். டிரைவர், எலெக்ட்ரீசியன், கொத்தனார், வீட்டு வேலைக்காரப் பெண், ஆபீஸ் குமாஸ்தா என்று எல்லாத் தரப்பினரும் அதில் அடக்கம். விமானப் போக்குவரத்து நின்றது. வெளிநாட்டு டெலிபோனும் துண்டிக்கப்பட்டது. ஊரில் இருந்தவர்களுக்குத் தகவலே இல்லை.

சேமிப்பு போயிற்று

அடுத்த அடி பணத்தில் விழுந்தது. உலகிலேயே மதிப்பு மிகுந்த நாணயமாக இருந்தது குவைத் தினார். அதுவும் ஈராக் தினாரும் சமம் என்று ஈராக் அறிவித்தது. சில வாரங்களில் குவைத் தினார் செல்லாது என்றே சொல்லிவிட்டது. மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள் ஓரளவு தப்பினார்கள். மொத்தமாகக் கொண்டு போகலாம் என்று கையில் வைத்திருந்தவர்களின் பாடு திண்டாட்டம் ஆனது.

பாலைவனப் பாதை

அப்போது வெளிநாட்டு மந்திரியாக இருந்த ஐ.கே.குஜ்ரால் பாக்தாத் சென்று சதாம் உசேனைச் சந்தித்தார். இந்தியர்கள் வெளியேற வழி பிறந்தது. ஆனால் அது சுற்று வழி.

முதலில் பஸ்சிலும் காரிலும் ஈராக்கின் பாஸ்ரா நகரம். அங்கிருந்து பாக்தாத். பிறகு பாலைவனத்தைக் கடந்து ஜோர்டான் எல்லை. கடைசியில் அதன் தலைநகர் அம்மான். ஆயிரம் கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட தரை வழி இது.

எல்லையில் எகிப்து, வங்காளதேசம், இலங்கை, பிலிப்பைன்ஸ் நாட்டினரும் லட்சக்கணக்கில் வந்து குவிந்தார்கள். கூடாரங்களில், கொளுத்தும் வெயிலில், தண்ணீருக்கும் ரொட்டிக்கும் வரிசையில் நின்றார்கள்.

பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்திருந்தவர்கள் பாடுதான் பெரும்பாடு. முதலாளி ஓடிவிட்டார், பாஸ்போர்ட் அவருடைய இரும்புப் பெட்டியில்! இந்தியத் தூதரகம் பாஸ்ராவுக்கு மாற்றப்பட்டது. அவசரப் பயணச் சீட்டு வாங்கிய பிறகே இவர்களால் நகர முடிந்தது.

அம்மானில் இருந்து ஏர் இந்தியா முன்னின்று நடத்திய மீட்புப் பணி 59 நாட்கள் நீடித்தது. 488 முறை விமானங்கள் பறந்தன. 1 லட்சத்து 10 ஆயிரம் பேருக்கு மேல் தாயகம் திரும்பினார்கள். இது கின்னஸ் புத்தகத்திலும் இடம் பெற்றது.

மும்பையில் இறங்கிய பிறகு

2016-ல் வந்த ‘ஏர்லிப்ட்’ இந்திப் படம் இந்தச் சம்பவத்தைத்தான் காட்டியது. படம் மீட்பு விமானத்தோடு முடிந்துவிடுகிறது. தென் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கோ அதற்கு மேலும் வழி இருந்தது.

அன்று கொங்கன் ரெயில் பாதை கிடையாது. அது முழுமையாகத் திறக்கப்பட்டது 1998-ல்தான். மும்பையில் இருந்து கன்னியாகுமரி செல்லும் ரெயில் சோலாப்பூர், குண்டக்கல், ஜோலார்பேட்டை என்று சுற்றிக்கொண்டு போகும். சென்னை வழியாகச் சென்றவர்கள் சென்டிரலில் இறங்கி, எழும்பூருக்குப் போய் மீட்டர் கேஜ் ரெயில் பிடிக்க வேண்டும்.

இந்தத் தூரத்தைப் பலர் வெறுங்கையோடு கடந்தார்கள். வளைகுடாவில் இருந்து வருகிறவர் என்றால் செண்டும் துணியும் டேப் ரிக்கார்டரும் கொண்டு வருவார் என்று ஊர் எதிர்பார்க்கும். விசாவுக்காக நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் போனவருக்கு, அந்தக் கடன் வாசலிலேயே காத்திருந்தது.

நஷ்ட ஈடு

போருக்குப் பிறகு, 1991-ல் ஐ.நா. ஒரு நஷ்ட ஈட்டுக் கமிஷனை அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பகுதி இதற்கு ஒதுக்கப்பட்டது. குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேற நேர்ந்தவர்களுக்குத் தனி நபர் என்றால் 2,500 டாலர், குடும்பம் என்றால் 5,000 டாலர் நிர்ணயிக்கப்பட்டது. வேறு இழப்புகளுக்குக் கேட்கமாட்டோம் என்றவர்களுக்கு 4,000, 8,000 டாலர்.

இதற்கு வெளியேறியதற்கான சாதாரணச் சான்றே போதும். சம்பளப் பாக்கி, சாமான், பாங்கி இருப்பு என்று கூடுதலாகக் கேட்டவர்கள் அவற்றுக்குத் தக்க ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. வேலை ஒப்பந்தத்தின் நகலோ சம்பளச் சீட்டோ பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு அது கை கொடுத்தது. பழைய துண்டுக் காகிதத்துக்கும் டாலரில் மதிப்பு வந்தது.

வெளிநாடு போகிறவர்கள் கவனிக்க

இந்திய பாஸ்போர்ட் சட்டப்படி மத்திய அரசின் சொத்து. முதலாளி அதைக் கேட்டாலும், பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்கள் தொழிலாளியிடம் ஒன்று, ஊரில் வீட்டில் ஒன்று இருக்க வேண்டும். போய் இறங்கியதும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சம்பளத்தைக் கையில் சேர்த்து வைக்காமல் அவ்வப்போது ஊருக்கு அனுப்பிவிடுவது நல்லது.

பெட்டி கட்டும்போது மறக்காமல் எடுத்து வைக்க வேண்டியவை இவைதான்.