பாக்கின்சன் நோயும் அறிதிறன் நலிவும்: குருதியோட்டப் படிமங்கள் உணர்த்துவன

1817ஆம் ஆண்டில் இலண்டன் நகர வைத்தியரான ஜேம்ஸ் பாக்கின்சன் நடுக்கவாதம் பற்றிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். பாராளுமன்றச் சீர்திருத்தத்தை வேண்டித் துண்டுப்பிரசுரங்கள் எழுதியவர் அவர். 1794ஆம் ஆண்டில் அரசின் விசாரணைக்கும் முகங்கொடுத்தவர். ஆறு நோயாளரை ஆதாரமாகக் கொண்ட அந்நூலில், புலன்களும் அறிவும் இந்நோயாற் பழுதுறுவதில்லை என அவர் கருதினார். அவ்வறுவருட் சிலரை அவர் தெருவிலேயே கண்டார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தெருவிற் செல்பவரின் நடையையும் நடுக்கத்தையும் கண்ணாற் காணலாம். சிந்தனையின் தளர்ச்சியை அவ்வாறு காணவியலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சிய வைத்திய அறிஞர் சார்க்கோ, நோய் முதிருங்கால் உள்ளமும் மங்குகிறது எனச் சுட்டினார். எனினும், இது உடலியக்கத்தை மட்டுமே தாக்கும் நோய் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைபெற்றது.

அவ்வெண்ணம் இன்று ஏற்கத்தக்கதன்று. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில், புதிதாக நோய் கண்டறியப்பெற்ற 136 பேரைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வின் இருபதாண்டு முடிவுகள் 2008ஆம் ஆண்டில் வெளியாயின. அப்போது உயிருடன் இருந்தோருள் 83 சதவீதத்தினர் அறிவாற்றலை இழந்திருந்தனர். அண்மைக்கால ஆய்வுகள் சில இவ்வாபத்து முன்பு எண்ணியதிலும் குறைவாகவும் தாமதமாகவும் தோன்றலாம் எனக் காட்டுகின்றன. ஆயினும் ஆபத்து உண்டு என்பதில் ஐயமில்லை.

எமது வழக்கில் ‘அறளை பெயர்தல்’ எனப்படும் இந்நிலை, இந்நோயிற் பெரும்பாலும் மறதியாகத் தொடங்குவதில்லை. ஒரு வேலையைப் படிமுறையாகத் திட்டமிடல், இருவர் பேச்சை ஒருங்கே பின்தொடர்தல், பொருள்களின் இடத்தையும் தூரத்தையும் கணித்தல் ஆகிய ஆற்றல்களே பலரில் முதலில் நலிகின்றன. இல்லாத உருவங்கள் கண்ணிற்படுவதும் உண்டு. குடும்பத்தார் இவற்றை வயோதிபம் என்றோ பிடிவாதம் என்றோ கொள்வதால் நோயாளர் பழிக்கு ஆளாகின்றனர். இந்நலிவுக்கு மூளையிற் சான்று உண்டா என்பதே இங்கு நாம் நோக்க வேண்டிய வினாவாகும்.

குருதியோட்டத்தை அளத்தல்

மூளை உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதமே. ஆயின், ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது பெறுகின்றது. தொழிற்பாடு மிகுந்த பகுதிக்குக் குருதி மிகுதியாகப் பாய்கின்றது என்ற கருத்தை ரோய், செரிங்டன் ஆகியோர் 1890ஆம் ஆண்டிலேயே முன்வைத்தனர். 1940களில் அமெரிக்கரான கெற்றியும் சிமித்தும் நைதரசு ஒட்சைட்டு வாயுவைப் பயன்படுத்தி மனித மூளையின் குருதியோட்டத்தை அளந்தனர். 100 கிராம் மூளை இழையத்துக்கு நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் என்பது அதன் சராசரி. அம்முறை முழு மூளைக்கும் ஒரே எண்ணையே தந்தது. பகுதிகளை வேறுபடுத்திக் காட்டவில்லை.

1980களிற் பரவிய முறையில், தெக்னீசியம் 99m என்னும் கதிர்த்தொழிற்பாடுடைய மூலகத்தைத் தாங்கிய சேர்வையொன்று நாளத்தினூடு செலுத்தப்படுகின்றது. அது குருதியுடன் மூளையை அடைந்து, சில நிமிடங்களுள் அங்கேயே சிறைப்பட்டுவிடுகின்றது. அதிக குருதி பாய்ந்த இடத்தில் அது அதிகமாகத் தங்கும். பின்னர், தலையைச் சுற்றி வரும் கருவி அதிலிருந்து எழும் காமாக் கதிர்களைப் பதிந்து படிமமாக்கும். 1990களில் அறிமுகமான காந்தப் பரிவு முறையோ ஊசியும் கதிர்ப்பொருளும் இன்றி, நாடிக்குருதியிலுள்ள நீரையே காந்தத்தால் அடையாளமிட்டு அளக்கின்றது.

படிமங்களின் சான்று

அறிதிறன் நலிந்த பாக்கின்சன் நோயாளரில், மூளைய மேற்பட்டையின் பிற்பகுதியிற் குருதியோட்டம் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பக்கவாட்டின் மேற்புறத்திலுள்ள சுவர்ச்சோணையும், பார்வைக்குரிய பிடர்ச்சோணையும் இவற்றுள் முக்கியமானவை. குளுக்கோசின் பயன்பாட்டை அளந்த ஆய்வுகளும் இதனோடு ஒத்துச் செல்கின்றன. அறளை தோன்றுமுன்னரே இம்மாற்றம் தொடங்கலாம் எனச் சிறு தொகையினரைக் கொண்ட ஆய்வுகள் கூறுகின்றன. இடமறிதலிலும் காட்சியிலும் நேரும் குழப்பங்களுக்கும் இப்பகுதிகளின் தொழிலுக்கும் உள்ள இயைபு வெளிப்படை. நோயாளரின் தடுமாற்றம் குணக்கேடன்று. மூளையில் நிகழும் மாற்றத்தின் விளைவே அது.

சான்றின் எல்லை

எனினும், குருதி குறைந்தமையாற்றான் அறிவு குன்றியது என முடிவுசெய்தல் தவறாகும். நரம்புக்கலங்களில் அல்பா சைனியூக்கிளீன் என்னும் புரதம் திரள்வதும், மேற்பட்டைக்கு அசற்றைல்கோலீனை வழங்கும் கலங்கள் அழிவதும் இந்நோயில் நிகழ்கின்றன. தொழில் குறைந்த பகுதி குறைந்த குருதியையே வேண்டும். ஆகவே குருதியோட்டக் குறைவு பெரும்பாலும் நோயின் சுவடாகுமேயன்றி அதன் மூலமாகாது.

இன்னுமொரு சிக்கலும் உண்டு. இப்படிமங்கள் பெரும்பாலும் ஒரு பகுதியை மூளையின் சராசரியோடு ஒப்பிட்டே காட்டுகின்றன. வகுப்பின் சராசரிப் புள்ளி வீழ்ந்தால், புள்ளி மாறாத மாணவனும் உயர்ந்தவனாகத் தோன்றுவான். அவ்வாறே மேற்பட்டையிற் குருதி குறையும்போது, மாற்றமடையாத உட்பகுதிகளிற் குருதி மிகுந்ததுபோன்ற தோற்றம் எழலாம். உயர்வெனக் கூறப்பட்ட சில முடிவுகள் இக்கணிப்பு முறையின் விளைவே என்ற வாதம் ஆய்வாளரிடையே எழுந்துள்ளது. மேலும், பல நோயாளரின் சராசரியிற் காணும் வேறுபாடு தனியொருவரின் எதிர்காலத்தை உறுதியாகக் கூறாது.

2007ஆம் ஆண்டில் சர்வதேச அறிஞர் குழு வகுத்த அளவுகோல்கள் இந்நோயின் அறளையை நோயாளரின் வரலாற்றாலும் உளச் சோதனைகளாலுமே நிர்ணயிக்கின்றன. படிமம் அதற்கு இன்றியமையாததன்று. விலையுயர்ந்த கருவி எட்டாத நாடுகளுக்கு இது மிக முக்கியமான செய்தியாகும். காலத்தோடு கண்டறிதலாற் பயனும் உண்டு. நடுக்கத்துக்கு வழங்கப்படும் பென்செக்சோல் போன்ற மருந்துகள் அசற்றைல்கோலீனின் தொழிலைத் தடுத்து அறிவை மேலும் மங்கச் செய்யலாம். வைத்தியர் அவற்றை மீளாய்வு செய்தல் வேண்டும். அவ்விரசாயனத்தைக் காக்கும் றிவஸ்ரிக்மின் என்னும் மருந்து சிறிதளவேனும் பயன் தருகின்றது என்பதை 2004ஆம் ஆண்டில் வெளியான பெரிய பரிசோதனை நிறுவிற்று.

பாக்கின்சன் தம் கண்களை நம்பி நடுக்கத்தைச் செவ்வனே விபரித்தார். கண்ணுக்குப் புலனாகாததை இல்லையென்றார். படிமத்தை மட்டும் நம்பும் வைத்தியமும் அத்தவற்றையே புதிய கருவியுடன் செய்ததாகும். படிமம் சான்று பகரும். ஆயினும் தன் எண்ணங்கள் நழுவுவதை முதலில் உணர்பவர் நோயாளரே. அவரையும் அவருடன் வாழ்வோரையும் அமர்த்தி வினவுதற்கு வேண்டுவது சிறிது நேரமும் பொறுமையுமே.