வானத்தில் ஒரு தூங்கெயில்

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, “நான் இப்போது இதைச் செய்கிறேன்” என்பார்கள். செய்த காரியம் பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடி. கடதாசி, பென்சில், பகடை, கற்பனை ஆகியவை போதும். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றாலும் லிந்துலையில் எங்கள் ஆட்டம் நிற்பதில்லை.

எங்கள் குழுவில் கதையை நடத்துபவள் நான். இந்த முறை கதைக்கு ஒரு பேராயுதம் தேவைப்பட்டது. புறநானூற்றில், சோழரின் முன்னோன் ஒருவன் ‘தூங்கெயில்’ அழித்த செய்தி வருகிறது. தூங்குதல் என்றால் அங்கே தொங்குதல்; எயில் என்றால் மதில். வானில் தொங்கும் கோட்டை! அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டேன். என் தூங்கெயில், வானில் சுற்றும் ஒரு மாபெரும் கண்ணாடி. சூரிய ஒளியைத் திரட்டிப் பகைவர் கோட்டைமீது பாய்ச்சும்.

அதை யார் வானில் ஏற்றியது? மந்திரம்தான். இந்தச் சொல்லைக் கேட்டதும் உம்மா புருவத்தை உயர்த்தினார். சூனியம் நமக்கு விலக்கப்பட்டது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. விளையாட்டில் மந்திரம் என்பது, இயற்கையின் ஒரு விதியை மட்டும் மீறத் தரப்படும் அனுமதிச்சீட்டு. மற்ற விதிகளெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் மீறலாம் என்றால் ஆட்டத்தில் சுவையே இராது. ஆகவே கண்ணாடியை மேலே ஏற்றும் வேலையை மட்டும் மந்திரத்திடம் கொடுத்தேன். மற்றதைப் பௌதிகவியல் பார்த்துக்கொண்டது.

பௌதிகவியல் போட்ட முதல் நிபந்தனை நேரம். 2019இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட நம் நாட்டுச் செய்மதி இராவணா-1 ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றியது. அந்த உயரத்தில் சுற்றும் பொருள் செக்கனுக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி, சுமார் 92 நிமிடங்களில் பூமியை ஒருமுறை வலம் வரும். ஓரிடத்துக்கு மேலே அது தென்படுவது அதிகம் போனால் பத்து நிமிடம். அது திரும்பி வருவதற்குள் பூமியும் கிழக்கே சுழன்றுவிடுவதால், அடுத்த சுற்றின் பாதை சுமார் 2,500 கிலோமீற்றர் மேற்கே விலகிப் போயிருக்கும். எனவே நினைத்த நேரத்தில் சுட முடியாது, காத்திருக்க வேண்டும்.

ஒரே இடத்துக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாதா? முடியும். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், 1945இல் எழுதிய கட்டுரையொன்றில் அந்த உயரத்தைத் தொடர்பாடல் செய்மதிகளுக்குப் பரிந்துரைத்தார். அது நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர். அங்கே நிற்கும் செய்மதி பூமியோடு சேர்ந்தே சுழலும்.

ஆனால் இரண்டாவது நிபந்தனை அங்கேதான் இடிக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெயிலைக் குவிக்கும்போது கடதாசியில் விழும் பொட்டு உண்மையில் சூரியனின் சிறு விம்பம். சூரியன் நம் கண்ணுக்கு ஏறத்தாழ அரைப் பாகை அகலமுள்ள வட்டம். ஆகவே எவ்வளவு திறமையான கண்ணாடியாலும் அதன் ஒளியை ஒரு புள்ளியாக்க முடியாது. பொட்டின் அகலம், தூரத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காவது இருக்கும். 400 கிலோமீற்றர் உயரத்திலிருந்து பாய்ச்சினால் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் அகல வட்டம். கிளார்க் சொன்ன உயரத்திலிருந்து என்றால் 330 கிலோமீற்றருக்கும் அதிகம். அது இலங்கையின் அகலத்தையும் தாண்டிவிடும்!

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. விண்வெளிக் கண்ணாடி பற்றி ஹெர்மன் ஒபெர்த் என்ற விஞ்ஞானி 1920களிலேயே எழுதினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் சிலர் அதை ஆயுதமாக்க எண்ணியிருந்த செய்தி 1945இல் வெளியானது. 1993இல் ரஷ்யர் ‘ஸ்னாம்யா’ என்ற 20 மீற்றர் கண்ணாடியை விண்ணில் விரித்தார்கள். பூமியில் விழுந்த வட்டம் சுமார் 5 கிலோமீற்றர் அகலம். வெளிச்சமோ முழுநிலவின் அளவுதான். எரிக்க வேண்டுமானால் கண்ணாடியே பல கிலோமீற்றர் அகலம் இருக்க வேண்டும். அப்போதும் முகில் மறைத்தால் பயனில்லை. லிந்துலையின் பனிமூட்டம் நல்ல கேடயம்!

4 கிலோமீற்றர் வட்டத்தை எங்கள் விளையாட்டு வரைபடத்தில் அளவுப்படி வரைந்தேன். கோட்டை அதன் நடுவில் ஒரு சிறு சதுரம். மற்ற இடமெல்லாம் கிராமங்கள், கொழுந்து பறிக்கும் மலைச்சரிவு, லயங்கள், பாடசாலை, பள்ளிவாசல். நம் ஊரைச் சுற்றி அப்படியொரு வட்டம் போட்டாலும் இவைதாம் அதற்குள் வரும். கோட்டையை மட்டும் தொடும்படி வட்டத்தைச் சுருக்கச் சூரியன் விடாது.

போருக்குப் புறப்பட்ட படைக்கு அபூபக்ர் (ரலி) அவர்கள் செய்த உபதேசம் நமக்குத் தெரிந்ததே: பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லக்கூடாது, கனிதரும் மரங்களை வெட்டக்கூடாது. வாள் ஏந்தியவனால் அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிய முடியும். என் தூங்கெயிலால் முடியாது.

உலக நாடுகளும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, அணுவாயுதம் உள்ளிட்ட பேரழிவு ஆயுதங்களைப் பூமியின் சுற்றுப்பாதையில் வைப்பதைத் தடைசெய்தது. மற்ற ஆயுதங்களைப் பற்றி அதில் அப்படியொரு தடை இல்லை. அந்த இடைவெளியை அடைக்க வேண்டும் என்று, விண்வெளியில் ஆயுதப் போட்டியைத் தடுக்கும் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் எகிப்தும் இலங்கையும் மாறிமாறி முன்வைத்து வந்திருக்கின்றன. நம் சின்னஞ்சிறு நாடு இதில் முன்வரிசையில் நிற்பதை அறிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் விளையாட்டிலும் ஒரு சட்டம் எழுதினேன். தூங்கெயிலைப் பயன்படுத்த விரும்புபவர் முதலில் வரைபடத்தில் வட்டத்தை வரைய வேண்டும். பிறகு அதற்குள் இருக்கும் ஒவ்வொன்றின் பெயரையும் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். அதன் பின்னரே பகடையை உருட்டலாம்.

சென்ற விடுமுறையில் என் மாமி மகள் பென்சிலை எடுத்து வட்டம் போட்டாள். பாதிப் பெயர்களை வாசித்தாள். பகடையை மேசையில் வைத்துவிட்டு, “கோட்டைக்குத் தூது அனுப்பலாமா?” என்று கேட்டாள். ஆட்டம் அன்று இரவு பத்து மணிவரை நீண்டது.