சோபிட்ஸ்

சோபிட்ஸ் என்பது ஜப்பானைச் சேர்ந்த கிளாம்ப் என்னும் ஓவியர் குழுவினர் எழுதி வரைந்த மங்கா (ஜப்பானிய வரைகதை) தொடரும், அதனைத் தழுவி உருவாக்கப்பட்ட அனிமே (ஜப்பானிய இயங்குபடம்) தொடரும் ஆகும். கணினிகள் மனித உருவில் நடமாடும் ஒரு தோக்கியோ நகரத்தில், குப்பையோடு வீசப்பட்ட ஒரு கணினிப் பெண்ணைக் கண்டெடுக்கும் ஏழை மாணவன் ஒருவனின் கதையை இது நகைச்சுவையுடன் கூறுகிறது. மின்கருவி ஒன்றுக்கு மனித முகம் கிடைத்தால் அதனுடன் வாழும் மனிதருக்கு என்ன நேரும் என்பதே இத்தொடரின் அடிப்படைக் கேள்வியாகும்.

தகவல் சுருக்கம்

வகை: நகைச்சுவை, காதல், அறிவியல் புனைவு
எழுத்தும் ஓவியமும்: கிளாம்ப்
பதிப்பாளர்: கோதான்ஷா
இதழ்: யங் மேகசின் (வார இதழ்)
வெளிவந்த காலம்: 2000 – 2002
தொகுதிகள்: 8
அனிமே இயக்குநர்: மொரியோ அசாகா
அனிமே நிறுவனம்: மேட்ஹவுஸ்
ஒளிபரப்பு: ஏப்ரல் 2002 – செப்டெம்பர் 2002

பெயர்

கதையில் வரும் மனித உருக் கணினிகள் "பசோகோன்" என அழைக்கப்படுகின்றன. இது கதைக்காகப் புனையப்பட்ட சொல் அன்று. "பெர்சனல் கம்ப்யூட்டர்" என்னும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கி, தனியாள் கணினியைக் குறிக்க ஜப்பானியர் அன்றாடம் வழங்கும் சொல்லே ஆகும். எனவே ஜப்பானிய வாசகருக்கு இக்கதை ஏதோ தொலைதூர எந்திர மனிதர்களைப் பற்றியதாகத் தோன்றுவதில்லை. தம் மேசையில் இருக்கும் கணினியே எழுந்து நடப்பதாகத் தோன்றுகிறது. ஆங்கிலப் பதிப்புகளில் இச்சொல் "பெர்சொகாம்" என எழுதப்பட்டது.

"சோபிட்ஸ்" என்பது கதைக்குள் வழங்கும் ஒரு வதந்தியின் பெயர். நிரல்களின் கட்டளைக்கு அப்பால், தாமாகச் சிந்தித்து விரும்பும் ஆற்றல் கொண்ட பசோகோன்கள் எங்கோ உள்ளன என்று கதையில் வரும் கணினி ஆர்வலர்கள் பேசிக்கொள்கின்றனர்.

உருவாக்கம்

கிளாம்ப் குழுவில் நானாசே ஓகாவா, மோகோனா, சுபாகி நெகோய், சட்சுகி இகராஷி ஆகிய நான்கு பெண்கள் உள்ளனர். சிறுமியருக்கான "கார்ட்கேப்டர் சகுரா" முதலிய தொடர்களால் புகழ்பெற்ற இக்குழு, இளைஞரான ஆண் வாசகர்களுக்குரிய வார இதழில் சோபிட்சை வெளியிட்டது. தொடர் வெளிவந்த காலமும் கருதத்தக்கது. சோனி நிறுவனம் ஐபோ என்னும் எந்திர நாயை 1999இலும், ஹோண்டா நிறுவனம் அசிமோ என்னும் நடக்கும் எந்திர மனிதனை 2000இலும் அறிமுகப்படுத்தின. ஐ-மோட் சேவை வழியாகச் செல்பேசியில் இணையம் 1999இல் வந்தது. பேசும், நடக்கும், இணையத்தோடு இணையும் கருவிகள் செய்தித்தாள்களில் இடம்பெற்று வந்த அவ்வேளையில், அவை அனைத்தையும் ஒரே உடலில் சேர்த்துக் காட்டியது இக்கதை.

கதைச் சுருக்கம்

ஹிடெகி மொட்டோசுவா வடக்கே ஹொக்காய்தோ தீவில் உள்ள பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்தவன். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று, மறுமுறை எழுதுவதற்காகத் தோக்கியோவுக்கு வந்து பயிற்சிப் பள்ளியில் சேர்கிறான். இத்தகைய மாணவரை ஜப்பானியர் "ரோனின்" என்பர். தலைவனை இழந்து அலையும் சாமுராய் வீரரைக் குறித்த பழஞ்சொல் இது. இரவில் மதுவும் உணவும் விற்கும் கடையில் வேலை செய்து வாடகை செலுத்தும் ஹிடெகிக்குப் பசோகோன் ஒன்று வாங்க வேண்டும் என்பது பேராசை. ஆனால் அதற்கான பணம் அவனிடம் இல்லை.

ஓர் இரவு, குப்பைப் பைகளுக்கிடையே துணிக்கட்டுகள் சுற்றப்பட்ட நிலையில் ஒரு பசோகோன் கிடப்பதைக் கண்டு வீட்டுக்குச் சுமந்து செல்கிறான். விழித்தெழும் அவளால் "சீ" என்ற ஓர் ஒலியை மட்டுமே எழுப்ப முடிகிறது. அதுவே அவள் பெயராகிறது. (தமிழில் வெறுப்பைக் காட்டும் ஒலிக்கும் இப்பெயருக்கும் தொடர்பு இல்லை.) அண்டை அறையில் வாழும் நண்பன் ஹிரோமு ஷின்போ தன்னுடைய கையடக்கப் பசோகோனான சுமோமோவைக் கொண்டு சீயின் உள்ளடக்கத்தைப் படிக்க முயல, சுமோமோ செயலிழந்து விழுகிறது. சீக்குள் இயக்குதளம் எதுவும் இல்லை எனவும், கற்றுக்கொள்ளும் திறன் மட்டும் உள்ளது எனவும் அறிகின்றனர். பன்னிரண்டு வயதிலேயே பசோகோன் வடிவமைப்பில் தேர்ந்த மினொரு கொக்குபுன்ஜி, அவள் சோபிட்சாக இருக்கக்கூடும் என ஐயுறுகிறான்.

ஹிடெகி வாங்கிக் கொடுக்கும் ஒரு படக்கதை நூல் சீயை ஆழமாகத் தொடுகிறது. மனிதர் அனைவரும் "அவர்களோடு" வீட்டுக்குள் அடைந்துவிட்டதால் தெருக்களில் ஆளே இல்லாத ஒரு நகரத்தைப் பற்றியது அந்நூல். "எனக்கே உரிய ஒருவர்" எங்கே என்று அதில் எழும் கேள்வியை சீயும் தன் கேள்வியாக்கிக் கொள்கிறாள். அந்நூலை எழுதியவர் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் உரிமையாளரான சித்தோசே ஹிபியா என்பது பின்னர் தெரியவருகிறது.

நகைச்சுவை

தொடரின் முற்பகுதி பெரிதும் நகைச்சுவையால் ஆனது. அதன் ஊற்று ஒன்றே: சீ எதையும் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்கிறாள். ஹிடெகியின் சொல், கையசைவு, பதற்றம் என எதைக் கண்டாலும் அப்படியே திருப்பிச் செய்கிறாள். ஹிடெகியோ மனத்தில் நினைப்பதைத் தன்னை அறியாமல் உரக்கச் சொல்லிவிடும் பழக்கம் உள்ளவன். கணினியை இயக்கத் தெரியாத ஒருவனும், உலகை அறியாத ஒரு கணினியும் ஒரே சிறு அறையில் வாழ்வதால் சிக்கல்கள் தொடர்கின்றன. சீக்கு உள்ளாடை வாங்கக் கடைக்குச் சென்று ஹிடெகி படும் வெட்கம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஊதல் ஊதி அனைவரையும் உடற்பயிற்சிக்கு எழுப்பும் சுமோமோ மற்றொரு நகைச்சுவைப் பாத்திரமாகும்.

இந்த நகைச்சுவை கதைக்குப் பயன்படுகிறது. சொன்னதை எல்லாம் ஏற்கும் ஒன்றிடம் பேசுகையில் சொல்பவனின் பொறுப்பு கூடுகிறது. ஹிடெகியின் பணத்தட்டுப்பாட்டைக் கண்ட சீ தானே வேலை தேடிப் போகும்போது, ஏமாற்றுக்காரர் ஒருவரின் சொல்லையும் அவ்வாறே நம்பி ஆபத்தில் சிக்குகிறாள். அதுவரை வாசகரைச் சிரிக்க வைத்த பண்பு அங்கு அச்சத்தைத் தருகிறது.

கிளைக்கதைகள்

ஹிடெகியைச் சுற்றியுள்ளோர் ஒவ்வொருவரும் மனிதர்–பசோகோன் உறவின் ஒரு பக்கத்தைக் காட்டுகின்றனர்.

* தக்காகோ ஷிமிசு: ஹிடெகியின் பயிற்சிப் பள்ளி ஆசிரியை. இவருடைய கணவர் புதிய பசோகோனிலேயே மூழ்கிவிடுகிறார். ஒரு நாள் மனைவி வெளியே இருக்கிறார் என்பதையே மறந்து கதவைத் தாழிட்டு உறங்கிவிடுகிறார். அவர் மனைவியை வெறுக்கவில்லை, மறந்துவிட்டார். இதுவே ஆசிரியைக்குப் பெருந்துயராகிறது.

* ஹிரோயாசு உவேதா: அடுமனை உரிமையாளர். யூமி என்னும் பசோகோனை மணந்தவர். நாளடைவில் அவளுடைய நினைவகம் பழுதடைகிறது. நேற்றைய நிகழ்வுகளை மறந்தவள், பின்னர் கணவரையும் மறக்கிறாள். இருந்தும், அவர் மீது வண்டி மோத வரும் கணத்தில் குறுக்கே பாய்ந்து அவரைக் காத்துத் தான் அழிகிறாள்.

* யூமி ஓமுரா: ஹிடெகியுடன் வேலை செய்யும் மாணவி. உவேதாவை விரும்பியவள். அவருடைய மறைந்த மனைவிக்கும் தன் பெயரே என்பதை அறிந்து, குறையற்ற ஒரு பசோகோனோடு தன்னால் போட்டியிட முடியாது எனத் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறாள்.

* மினொரு கொக்குபுன்ஜி: இறந்த தன் அக்காள் கயேதேயின் உருவிலும் பழக்கங்களிலும் யுசுகி என்னும் பசோகோனை உருவாக்கியவன். தான் கயேதேக்கு ஈடாக முடியவில்லையே என வருந்தும் யுசுகி, அவனுக்கு உதவ முயன்று தன் தரவுகளையே இழக்கும் நிலைக்குச் செல்கிறாள். அப்போதுதான், அவளை அக்காளின் படியாக அன்றி யுசுகியாகவே தான் மதிப்பதை மினொரு உணர்கிறான்.

கதையின் முடிவு

சீயின் முற்காலப் பெயர் எல்டா. பசோகோன்களை உருவாக்கிய இச்சிரோ மிஹாராவும் அவர் மனைவி சித்தோசேயும் தம் பிள்ளைகளாக வளர்த்த இரட்டையருள் ஒருத்தி. மற்றொருத்தியான ஃப்ரேயா, தந்தையாகிய மிஹாராவின் மீதே நிறைவேறாத காதல் கொண்டு செயலிழந்தாள். அவளுடைய உள்ளத்தைத் தன்னுள் ஏற்றுக்கொண்ட எல்டா, தன் நினைவுகளை இழந்தாள். கதையில் சீக்கு மட்டும் தோன்றும் கரிய உடைப் பெண் ஃப்ரேயாவே.

இறுதியில் சீ ஹிடெகியையே தனக்குரியவராகத் தேர்கிறாள். அவளுள் இருக்கும் நிரல் பிற பசோகோன்களையும் பாதிக்கக்கூடியது என்பதால், அரசின் தரவு வங்கியாகிய ஜீமா, அதன் காவலாகிய டீட்டா ஆகிய பசோகோன்களும் அங்கு வருகின்றன. சீயுடன் உடலுறவு இயலாது, அவளுடைய விசை அழுத்தப்பட்டால் நினைவுகள் அனைத்தும் அழிந்துவிடும் என்பது ஹிடெகிக்குத் தெரிவிக்கப்படுகிறது. அதை அறிந்தே அவன் அவளை ஏற்கிறான்.

கருப்பொருள்

எந்திரத்துக்கு உள்ளம் உண்டா என்ற கேள்விக்கு இத்தொடர் உறுதியான விடை தருவதில்லை. மாறாக, எந்திரத்தின் குறைகளை அது மறைப்பதில்லை. நினைவகம் பழுதாகும், விசையை அழுத்தினால் எல்லாம் அழியும், படி எடுத்தாலும் இறந்தவர் திரும்பார். இவற்றை மாயத்தால் நீக்காமல், அவற்றோடு வாழ முடிவு செய்யும் மனிதரையே கதை காட்டுகிறது. ஷிமிசுவின் கணவருக்கும் உவேதாவுக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் உள்ளது. முன்னவர் பசோகோனில் மூழ்கி அருகில் இருந்த மனிதரை மறந்தார். பின்னவர் தம்மை மறந்துகொண்டிருந்த பசோகோனைக் கைவிடவில்லை. எனவே தொடர் பழிப்பது கருவியை அன்று, மறதியை எனலாம்.

அனிமே

மேட்ஹவுஸ் நிறுவனத்தின் அனிமே 2002இல் ஜப்பானில் ஒளிபரப்பானது. முன்பு "கார்ட்கேப்டர் சகுரா" அனிமேயையும் இயக்கிய மொரியோ அசாகா இதனை இயக்கினார். சீக்கு ரியே தனாகாவும் ஹிடெகிக்குத் தொமொகாசு சுகிதாவும் குரல் கொடுத்தனர். ரவுண்ட் டேபிள் குழுவினரும் நினோவும் வழங்கிய "லெட் மீ பி வித் யூ" என்பது தொடக்கப் பாடல். மங்கா முடியும் முன்னரே அனிமே ஒளிபரப்பாகி முடிந்ததால், இரண்டின் இறுதிப் பகுதிகளும் வேறுபடுகின்றன. அனிமேயில் சிறு நகைச்சுவை நிகழ்வுகள் விரிவாக இடம்பெறுகின்றன.

விமர்சனம்

மென்மையான ஓவியமும், நகைச்சுவையிலிருந்து துயரத்துக்கு நகரும் கதைப்போக்கும் பாராட்டப்பட்டன. அதேவேளை, சீயை இயக்கும் விசை உடலின் அந்தரங்கப் பகுதியில் அமைக்கப்பட்டிருப்பதும், குழந்தையைப் போன்று ஏதுமறியாத, ஆணின் சொல்லுக்குப் பணியும் பெண்ணாக அவள் படைக்கப்பட்டிருப்பதும் கண்டிக்கப்பட்டன. இளைஞர் இதழின் வழக்கத்துக்கு இசைந்த கவர்ச்சிக் காட்சிகளும் தொடரில் உண்டு. இவ்வழக்கத்தையே எடுத்து ஆசிரியர்கள் கேள்விக்குட்படுத்தினர் என்பது ஒரு சாராரின் கருத்து. கேள்விக்குட்படுத்துவதாகக் கூறி அதையே விற்றனர் என்பது மறு சாராரின் கருத்து.

பண்பாட்டுப் பின்னணி

நெடுங்காலம் பயன்படுத்தப்பட்ட குடை, விளக்கு முதலிய பொருள்கள் உயிர் பெறும் என்பது ஜப்பானிய நாட்டார் நம்பிக்கை. இவை "சுகுமோகாமி" எனப்படும். ஒசாமு தெசுகாவின் "ஆஸ்ட்ரோ பாய்" (1952) முதல் எந்திரத்தை உறவாகக் காட்டும் மங்கா மரபும் வலுவானது. கருவிகளைப் பெண் உருவாக வரையும் போக்கு சோபிட்சுக்குப் பின்னும் தொடர்ந்தது. கணினி இயக்குதளங்களைப் பெண்களாக வரைந்த "ஓ.எஸ். தான்" என்னும் இணைய ஓவியங்களும், விளையாட்டுக் கருவிகளைத் தேவதைகளாக்கிய "ஹைப்பர்டைமென்ஷன் நெப்டூனியா" (2010) என்னும் நிகழ்பட ஆட்டமும் குறிப்பிடத்தக்கவை.

பிற்கால நிகழ்வுகள்

கதையில் கற்பனையாக இருந்த சில நிலைமைகள் பின்னர் உண்மையிலும் ஏற்பட்டன. ஐபோ எந்திர நாயின் உற்பத்தியை 2006இல் நிறுத்திய சோனி, 2014இல் பழைய ஐபோக்களைப் பழுதுபார்க்கும் சேவையையும் முடித்துக்கொண்டது. அதன்பின் பழுதாகிப்போன ஐபோக்களுக்குச் சிபா மாநிலத்தின் இசுமி நகரில் உள்ள பௌத்தக் கோயில் ஒன்றில் 2015 முதல் இறுதிச் சடங்குகள் நடத்தப்பட்டன. புதிய ஐபோ 2018இல் விற்பனைக்கு வந்தது. அதே 2018இல் ஜப்பானியர் ஒருவர், ஹட்சுனே மிகு என்னும் கணினிப் பாடகி உருவத்தோடு திருமண விழா நடத்தினார். அவ்வுருவம் அவருடன் உரையாட உதவிய சேவையை அதன் நிறுவனம் 2020இல் நிறுத்தியது. உரையாடும் உருவம் பேச்சிழந்த பின்னும் தம் உறவு மாறவில்லை என அவர் கூறினார். நினைவு அழிந்த மனைவியைக் கைவிடாத உவேதாவின் கதை அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* ஏஞ்செலிக் லேயர் – இச்சிரோ மிஹாரா இடம்பெறும் மற்றொரு கிளாம்ப் மங்கா
* கோபாதோ – சித்தோசே ஹிபியா இடம்பெறும் மற்றொரு கிளாம்ப் மங்கா
* சுகுமோகாமி
* அசிமோ