மார்பு வலி: அரிய காரணங்களும் அவற்றைக் காட்டும் படங்களும்

சூரியநெல்லி, சின்னக்கானல், பூப்பாறை ஆகிய ஊர்கள் இடுக்கி மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், தேயிலையும் ஏலமும் விளையும் மலைச் சரிவுகளில் அமைந்துள்ளன. அங்குள்ள தோட்டத்து லயம் ஒன்றில் ஒருவர் இரவில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், சூழ நிற்போர் கூறும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று வாயு, மற்றொன்று மாரடைப்பு. வாயு என்று கருதினால் சுக்குக் கஷாயம் கொடுத்து விடியும்வரை காத்திருப்பர். மாரடைப்பு என்று கருதினால் வண்டி தேடுவர்.

இவ்விரண்டில் அஞ்சத்தக்கது மாரடைப்பே என்பதில் ஐயமில்லை. ஆதலின், கடுமையான மார்பு வலி கண்டவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்பி, ஈ.சி.ஜி. எடுக்கச் செய்வதே முதற் கடமை. ஆனால் மாரடைப்பைப் போலவே தோன்றி, அதனினும் வேறான சிகிச்சையை வேண்டி நிற்கும் நோய்களும் சில உள. அவை அரியவை, எனினும் அறியாமல் விட்டால் உயிரைக் கொள்பவை. அவற்றைக் கண்டறிய இக்காலத்தில் படக் கருவிகள் துணை செய்கின்றன. எந்தப் படம் வேண்டும் என்பதை உணர்த்தும் செய்தியோ, பல வேளைகளில் நோயாளியை முதலில் கண்ட ஊழியரிடமே இருக்கின்றது.

இவற்றுள் மிகக் கொடியது பெருந்தமனியின் உட்சுவர் கிழிதலாகும். இருதயத்திலிருந்து புறப்படும் அப்பெரிய இரத்தக் குழாயின் உட்படலம் கிழிந்து, இரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு இடையே புகுந்து செல்லும். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் 1760 ஆம் ஆண்டில் திடீரென இறந்தபோது, அவரது உடலைச் சோதித்த அரசவை மருத்துவர், இருதயத்தைச் சூழ்ந்த உறைக்குள் இரத்தம் உறைந்து நிறைந்திருந்ததையும் தமனியில் கிழிசல் இருந்ததையும் எழுதி வைத்தார். அந்நாளில் இறந்த பின்னரே அறியக்கூடியதாயிருந்த இந்நோயை, இன்று உயிருள்ளவரிடம் சில நிமிடங்களில் சி.டி. ஸ்கேன் காட்டிவிடுகின்றது.

இதனை மாரடைப்பென்று பிழையாகக் கொள்வதால் நேரும் தீங்கு பெரிது. மாரடைப்பில் இரத்தக் கட்டியைக் கரைக்க மருந்து செலுத்துவர். தமனி கிழிந்தவருக்கு அம்மருந்தைச் செலுத்தினால் இரத்தப் பெருக்கு மிகுந்து மரணம் நேரலாம். நோயின் குறிகளோ ஓரளவு தெளிவானவை. வலி தொடங்கிய கணத்திலேயே உச்சத்தை அடையும், கிழிப்பது போலிருக்கும், முதுகுக்குப் பரவும். இரு கைகளின் நாடித் துடிப்பு சில வேளைகளில் ஒத்திராது. நெடுநாள் இரத்த அழுத்தம் உள்ளோரிடையே இது மிகுதி.

இரண்டாவது, நுரையீரலின் இரத்தக் குழாயை அடைக்கும் இரத்தக் கட்டி. கால் நரம்புகளில் உறையும் இரத்தம் பெயர்ந்து சென்று நுரையீரலில் தங்குவதால் இது உண்டாகின்றது. மகப்பேற்றிற்குப் பின்னரும், எலும்பு முறிந்தோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோ பல நாள் படுத்திருந்தவர்க்கும் இது நேரலாம். திடீர் மூச்சுத் திணறலும், மூச்சை இழுக்கையில் குத்தும் வலியும், ஒரு கால் மட்டும் வீங்கியிருத்தலும் குறிகள். சாதாரண எக்ஸ்ரே குற்றமற்றதாகவே தோன்றக்கூடும். நிறமருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. படமே அடைப்பைக் காட்டும்.

மூன்றாவது, நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே காற்றுப் புகுதல். புகை பிடிப்போரிடமும், காச நோயால் நுரையீரல் நலிந்தோரிடமும், சில வேளை ஒல்லியாக நெடிது வளர்ந்த இளைஞரிடமும் இது காணப்படும். இதனை அறியப் பெருங்கருவி வேண்டுவதில்லை. நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயே பெரும்பாலும் போதும்.

நான்காவது, மார்பில் வலித்தாலும் மார்பில் இல்லாத நோய். அமீபாக் கிருமியால் கல்லீரலில் சீழ்க்கட்டி உண்டானால், வலி வலப்புறக் கீழ் மார்பிலும் வலத் தோளிலும் தோன்றும், காய்ச்சலும் உடனிருக்கும். வயிற்றின்மேல் ஒலியலைக் கருவியை வைத்துப் பார்த்தால் கட்டி புலப்படும். முதுகெலும்பில் காச நோய் பற்றினாலும் வலி கச்சை கட்டினாற்போல் மார்பைச் சுற்றி வரும். எலும்பு பெரிதும் அரிக்கப்பட்ட பின்னரே எக்ஸ்ரே அதனைக் காட்டும், எம்.ஆர்.ஐ. படமோ தொடக்கத்திலேயே காட்டும்.

மலை வட்டாரங்களில் நினைவிற் கொள்ளவேண்டிய மற்றொன்றும் உண்டு. 1952 ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் அரிவாள் வடிவ அணுப் பண்பு இருப்பதை வெளியிட்டனர். வயநாட்டிலும் பாலக்காட்டு அட்டப்பாடியிலும் இப்பண்பு உண்டு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இதனைப் பெற்ற குழந்தைக்கு நோய் உண்டாகும். அந்நோயாளிக்குக் காய்ச்சலும் மார்பு வலியும் ஒருங்கே வந்தால் அது நுரையீரலைத் தாக்கியதன் அடையாளமாயிருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் நிழல் தெரியாமல், மறுநாள் தெரிவதும் உண்டு. ஆகையால் ஒரு படம் நன்றாயிருந்தது என்று வீட்டிற்கு அனுப்பிவிடலாகாது.

இப்படக் கருவிகளின் வரலாற்றில் நம்மவர் பங்கும் உண்டு. ரோன்ட்கன் 1895 ஆம் ஆண்டில் எக்ஸ் கதிரைக் கண்டார். அக்கதிர் தரும் நிழலில் உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்துவிடும். பல கோணங்களில் எடுத்த நிழல்களைக் கணக்கிட்டு உடலின் குறுக்குவெட்டை மீட்டெடுப்பதே சி.டி. முறை. இலண்டனில் 1971 அக்டோபரில் முதல் நோயாளியின் தலை இவ்வாறு படமெடுக்கப்பட்டது. எர்ணாகுளத்தில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த ஜி. என். இராமச்சந்திரனும், ஏ. வி. இலட்சுமிநாராயணனும், இக்கணக்கை எளிதாக்கும் வழியொன்றை அதே ஆண்டில் வெளியிட்டனர். அவ்வழி இன்றும் அவர்கள் பெயரால் வழங்குகின்றது.

எனினும் கருவி தானே வினவுவதில்லை. காலைப் பாராது விட்டால் கால் வீக்கம் படத்தில் வராது. சி.டி. படத்திற்குச் சாதாரண எக்ஸ்ரேயைவிடப் பன்மடங்கு கதிர் செல்வதால், காரணமின்றி எல்லோருக்கும் எடுத்தலும் முறையன்று. கருவுற்றிருப்பதையும், சிறுநீரக நோய் இருப்பதையும் முன்னரே சொல்லவேண்டும்.

சூரியநெல்லியிலிருந்து மேற்கே மூணாற்றுக்கோ, கிழக்கே போடிமெட்டு இறங்கித் தேனிக்கோ வளைவு நிறைந்த பாதையில்தான் செல்லவேண்டும். 108 என்னும் எண்ணுக்குச் செய்தி சொல்லி வண்டியை எதிர்நோக்கும் நேரத்தில், ஊழியரோ ஆசிரியரோ ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதி நோயாளியுடன் அனுப்பலாம்: வலி எப்பொழுது தொடங்கிற்று, திடீரென்றா, மெல்லவா, எங்குப் பரவிற்று, காய்ச்சல், மூச்சுத் திணறல், கால் வீக்கம் உண்டா, அண்மையில் மகப்பேறு, முறிவு, நெடும்படுக்கை நேர்ந்ததா, முன்னர் இரத்த அழுத்தமோ காச நோயோ அரிவாள் அணு நோயோ இருந்ததா.

மலையிறங்கும்போது பேச்சிழந்துவிட்ட நோயாளிக்காக அத்தாளே பேசும். மருத்துவர் எந்தப் படத்தை எடுப்பது, எந்த மருந்தைத் தவிர்ப்பது என்று தெளிய அது வழிகாட்டும்.