கான்ட் சார்ட் ரெடி, வேலையை யார் செய்யப் போறாங்க?

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு எல்லா டீமும் ஒரு கான்ட் சார்ட் காட்டுவாங்க. கலர் கலரா பார் இருக்கும், தேதி இருக்கும். ஆனா அந்த வேலையைச் செய்யப் போறது யார், அவங்களுக்கு நேரம் இருக்கான்னு பல சார்ட்ல இருக்காது. அதைக் கணக்குப் போடுறதுதான் ரிசோர்ஸ் அலொகேஷன். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் வாங்க காசு இல்லைன்னா, ப்ராஜெக்ட்லிப்ரே இலவசமாவே கிடைக்குது.

1. முதல்ல ரிசோர்ஸ் ஷீட்

உங்க டீம்ல இருக்கிற எல்லாரையும் இதுல சேருங்க. லேப்ல ஒரே ஒரு 3டி பிரிண்டர்தான்னா அதையும் சேருங்க. ரெண்டு பேருக்கு ஒரே நாள்ல அது தேவைப்பட்டா இங்கேயே தெரிஞ்சுடும்.

2. யூனிட்ல உண்மையைப் போடுங்க

மென்பொருள் பயன்படுத்துற சூத்திரம் இதுதான்: வேலை = கால அளவு × யூனிட். ஒரு நாளைக்கு 8 மணி நேரம்னு வெச்சுக்கலாம். கோடிங் 5 நாள், ஒருத்தர், 100% யூனிட்னா மொத்த வேலை 40 மணி நேரம். ஆனா கிளாஸ், லேப், பிளேஸ்மென்ட் எல்லாம் போக உங்களுக்கு தினமும் 2 மணி நேரம்தான் கிடைக்கும்னா, உங்க யூனிட் 25%. அதே 40 மணி நேர வேலைக்கு 20 வேலை நாள் ஆகும். சார்ட்ல ஒரு வாரம், நிஜத்துல நாலு வாரம்!

3. ஆளைக் கூட்டினா போதுமா?

எஃபர்ட் டிரிவன் ஆப்ஷனை ஆன் பண்ணிட்டு அந்த 5 நாள் வேலைக்கு இன்னொருத்தரையும் முழு நேரமா சேர்த்தா, மென்பொருள் 2.5 நாள்னு காட்டும். புதுசா வந்தவருக்கு கோடைப் புரிய வைக்கிற நேரம் அந்தக் கணக்குல கிடையாது. தாமதமான மென்பொருள் ப்ராஜெக்ட்ல ஆளைச் சேர்த்தா இன்னும் தாமதமாகும்னு ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975லயே எழுதிட்டார்.

4. சிவப்பு பொம்மை

ஒரே வாரத்துல ஒருத்தருக்கே கோடிங் 100%, ரிப்போர்ட் 100%னு கொடுத்தா ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஆகுது. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் அந்த டாஸ்க் பக்கத்துல சிவப்பு மனுஷ பொம்மையைக் காட்டும். லெவலிங் கொடுத்தா ஏதாவது ஒரு வேலையைத் தள்ளி வைக்கும். அந்த வேலைக்கு ஸ்லாக் இருந்தா கடைசித் தேதி மாறாது. இல்லைன்னா தள்ளிப் போகும்.

இங்க ஒண்ணு கவனிங்க. லெவலிங் தேதியை மட்டும்தான் மாத்தும், ஒருத்தர் வேலையை எடுத்து இன்னொருத்தருக்குத் தராது. அதை டீம்தான் பேசி முடிவு பண்ணணும். "அவன் நல்லா பண்ணுவான்டா"ன்னு எல்லாத்தையும் ஒருத்தர் தலையில கட்டுற டீம்ல, அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தாகூட மொத்த ப்ராஜெக்ட்டும் நின்னுடும். மத்தவங்க வைவால முழிப்பாங்க. "என்னால முடியல"ன்னு வாய் திறந்து சொல்லத் தயங்குற ஃப்ரெண்டுக்கும் அந்த சிவப்பு பொம்மை ஒரு ஆதாரம்.

அடுத்த ரிவ்யூவுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து உட்காருங்க. அவங்கவங்க யூனிட்டை அவங்கவங்களே சொல்லட்டும். அதுக்கப்புறம் கைடுகிட்ட தேதி சொல்லுங்க.