வெந்நீர்க் கெய்ஸரும் வீட்டாரின் கவனமும்

தமிழ்நாட்டில் வெந்நீர் வைப்பதற்குத் தனிக் கல்வி எதுவும் வேண்டியதில்லை. செம்பு பாய்லரில் நீரூற்றி, நடுக்குழலில் கரியிட்டு மூட்டினால் காரியம் முடிந்தது. தலைநகரில் குடியேறி வாழும் நம்மவர் நிலையோ வேறு. தில்லியில் ஜனவரி மாதத்து அதிகாலையில் வெப்பநிலை 5 டிகிரி அளவுக்கும் இறங்குவதுண்டு. மாடித் தொட்டியின் நீரைத் தொட்டால் விரல் மரத்துப் போகும். ஆகவே கெய்ஸர் என்பது இங்கு ஆடம்பரப் பொருளன்று. அரிசி, பருப்பைப் போல் அவசியப் பொருளேயாகும். அது முரண்டு பிடிக்கும்போது ஆராய வேண்டியவை எவை, நம் கையால் தொடக்கூடாதவை எவை என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம்.

கெய்ஸரைப் பற்றிய குறைகள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, நீர் சுடவில்லை. மற்றொன்று, நீர் வேகமாக வரவில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழப்பிக்கொள்வதால்தான் வீண் செலவு நேருகிறது. முதலில் குளியலறையின் தண்ணீர்க் குழாயையும் வெந்நீர்க் குழாயையும் தனித்தனியே திறந்து பார்க்க வேண்டும். இரண்டும் மெலிந்து வந்தால் குற்றம் கெய்ஸருடையதன்று. தொட்டியையும் பொதுக் குழாயையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் வேகமாக வந்து, வெந்நீர் மட்டும் மெலிந்தால் கெய்ஸருக்குச் செல்லும் வால்விலோ, உள்ளே படிந்த உப்பிலோ, வெந்நீர்ப் பைப்பிலோ அடைப்பு இருக்கலாம். தொட்டி ஒரு முறை வற்றி மீண்டும் நிரம்பியிருந்தால் பைப்பில் காற்று அடைபட்டிருக்கவும் கூடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வெந்நீர்க் குழாயைச் சற்று நேரம் திறந்து வைத்தால் பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும்.

நீரின் அழுத்தம் தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயரத்து நீர் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் தரும். மேல்மாடி வீட்டில் தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே 3 மீட்டர்தான் உயரம் என்றால், கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே. கெய்ஸரை மாற்றினாலும் இக்குறை தீராது. தொட்டியை உயர்த்த வேண்டும். அல்லது சிறிய பம்பு வைக்க வேண்டும். பம்பு வைப்பதாயின், தம் கெய்ஸர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை அதன் தகட்டில் பார்த்துக்கொள்ளுதல் அவசியம்.

இனி, சூட்டைப் பற்றிய குறை. 15 லிட்டர் கொண்ட 2000 வாட் கெய்ஸர், 15 டிகிரியில் உள்ள நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 24 நிமிடங்கள் வேண்டும். பத்து நிமிடத்தில் திறந்துவிட்டு, சுடவில்லை என்று நொந்துகொள்வதில் பயனில்லை. போதிய நேரம் கொடுத்தும் சுடாவிட்டால் தெர்மாஸ்டாட்டோ, சூடேற்றும் கம்பியோ பழுதாகியிருக்கலாம். முன்னைவிட நேரம் கூடிக்கொண்டே போனால், போர் நீரின் உப்பு கம்பியின்மேல் ஓடுபோல் படிந்திருக்கக் கூடும். நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில் இவ்வுப்புப் படிவு அவற்றின் பாய்லர்களுக்கும் பெரும் பகையாக இருந்தது. கடின நீர் வரும் பகுதிகளில், ஆண்டுக்கொரு முறை, குளிர் தொடங்குமுன் கெய்ஸரைத் திறந்து சுத்தம் செய்வித்தல் உசிதம்.

இவையெல்லாம் குறைகள். ஆனால் குறைபோல் தோன்றும் எச்சரிக்கைகளும் உண்டு. நீர் சூடேறுகையில் விரிகிறது. 15 லிட்டர் நீர் 60 டிகிரியை எட்டும்போது கால் லிட்டர் அளவு பெருகும். அப்போது பாதுகாப்பு வால்வில் சில துளிகள் சொட்டுவது இயல்பே. சொட்டுகிறதென்று அவ்வழியை அடைப்பவர், அழுத்தத்தைக் கலத்துக்குள்ளேயே சிறை வைக்கிறார். இடைவிடாமல் ஒழுகினால் மெக்கானிக்கை அழைக்க வேண்டுமேயன்றி, அடைக்கக் கூடாது. அவ்வாறே, கெய்ஸரைப் போட்டதும் மின்கசிவுத் தடுப்பான் விழுந்தால், கம்பியின் உறை வெடித்து மின்சாரம் நீரில் கசிவதாக இருக்கலாம். தடுப்பானை விலக்கிவிட்டு நேர் இணைப்புக் கொடுக்கும் மிஸ்திரி நமக்கு நன்மை செய்தவர் அல்லர். எர்த் இணைப்பும் சரியாக உள்ளதா எனச் சோதிப்பிக்க வேண்டும்.

எல்லாவற்றினும் மேலான எச்சரிக்கை கேஸ் கெய்ஸரைப் பற்றியது. அது பற்றவில்லையென்றால் பாட்டரி, நீர் புகும் வாயிலின் வடிகட்டி, நீரின் அழுத்தம், சிலிண்டர் ஆகியவற்றைப் பார்க்கலாம். ஆயினும் அது நன்றாக எரியும்போதுதான் அபாயம் அதிகம். மூடிய குளியலறையில் எரியும் சுடர் அங்குள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். பின்னர் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவை உண்டாக்கும். சமையல் கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். இந்த வாயுவுக்கோ நிறமுமில்லை, மணமுமில்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றுவதற்குள் கைகால்கள் தளர்ந்து, தாழ்ப்பாளை நீக்கவும் வலுவின்றிப் போகும். வட நாட்டில் குளிர்காலந்தோறும் இவ்விதம் உயிர்கள் பலியாகின்றன. மருத்துவ நூல்களில் இந்நிலை கேஸ் கெய்ஸரின் பெயராலேயே குறிப்பிடப்படுகிறது.

ஆதலால் கேஸ் கெய்ஸரும் சிலிண்டரும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள பால்கனி போன்ற இடத்திலேயே இருக்க வேண்டும்; வெந்நீர் மட்டும் பைப்பு வழியே உள்ளே வரட்டும். ஜன்னலைச் சிறிது திறந்தால் போதுமென்று எண்ணுதல் தகாது. குளிரில் அது மீண்டும் மூடப்பட்டுவிடும். நீலச் சுடர் மஞ்சளாக மாறினால் உடனே நிறுத்திவிட வேண்டும். குளிக்கச் சென்றவர் அழைத்தும் பதில் தராவிடில், கதவைத் திறந்து அவரை வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து, கேஸை மூடி, 112 என்ற எண்ணுக்கு அழைத்து, தாமதமின்றி மருத்துவமனை சேர்க்க வேண்டும். கேஸ் கெய்ஸர் இருந்ததை மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும்.

நம்மில் பலர் வாடகை வீட்டில் வாழ்பவர். முன்பணம் கொடுக்குமுன் சமையலறையைப் பார்ப்பதுபோல், கெய்ஸர் எவ்வகை, எங்கே பொருத்தப்பட்டுள்ளது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குளியலறைக்குள் கேஸ் கெய்ஸர் இருந்தால், அதை வெளியே மாற்றித் தரும்படி வீட்டுக்காரரிடம் தயக்கமின்றிக் கேளுங்கள். மார்கழி, தை மாதங்களில் ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கும் உறவினருக்கும் இவ்விஷயத்தை முதல் நாளே சொல்லி வையுங்கள். அவர்கள் அறிந்தது செம்பு பாய்லர். அது முற்றத்தில், திறந்த வெளியில் எரிந்தது.