லினக்ஸும் காரியாலய ஸ்வராஜ்யமும்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் கம்பெனி அளித்துவந்த வழக்கமான ஆதரவு, 2025-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியோடு முடிவுற்றது. அதன் விளைவு வெகு விசித்திரம். முதல் நாள்வரை கணக்கெழுதி, கடிதம் அச்சிட்டு, ஒழுங்காக உழைத்துவந்த கம்ப்யூட்டர்கள் பல, யாதொரு பழுதுமின்றியே பழசாகிவிட்டன! விண்டோஸ் 11-க்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுக்கு அவற்றின் உறுப்புக்கள் பொருந்தவில்லை. மாடு திடமாகத்தான் இருக்கிறது. மூக்கணாங்கயிறோ வேறொருவர் கையில் இருக்கிறது.

இந்தக் கயிற்றை நம் கைக்கு மாற்றிக் கொள்ள வழி உண்டா என்று கேட்போருக்கு லினக்ஸ் விடையளிக்கிறது. ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் இதை ஆரம்பித்தார். அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த ‘க்னூ’ முயற்சியின் கருவிகளும் இதனுடன் சேர்ந்தன. இதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். விலையில்லை என்பதைக் காட்டிலும் இவ்வுரிமையே பெரிது.

எனினும், உரிமை கிடைத்த மாத்திரத்தில் காரியம் கைகூடிவிடுமா? ஐரோப்பாவில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களைக் கவனிப்போம்.

ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகரசபை 2003-ல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தது. 2013-க்குள் சுமார் 15,000 கம்ப்யூட்டர்கள் மாற்றப்பட்டன. ஆயினும் 2017-ல் அதே நகரசபை விண்டோஸுக்கே திரும்புவதென்று முடிவு செய்தது! காரணங்களைப் பற்றிப் பலத்த வாதம் நடந்ததுண்டு. யந்திரங்களை மாற்றினால் மட்டும் போதாது, அவற்றின்முன் உட்காருவோரும் மேலே உள்ளோரும் மனம் ஒப்பவேண்டும் என்பது மட்டும் தெளிவாயிற்று.

பிரெஞ்சு தேசத்தின் ‘ழாந்தர்மரி’ என்னும் போலீஸ் படை வேறு விதமாகச் சென்றது. 2005-ல் கடிதம், கணக்குப் பட்டியல் முதலியவற்றுக்கு ஓப்பன் ஆபீஸை ஏற்றார்கள். 2006-ல் பயர்பாக்ஸும் தண்டர்பேர்டும் வந்தன. இவையெல்லாம் பழைய விண்டோஸின் மேலேயே ஓடின. கைகள் பழகிய பிறகே, 2008 முதல் உபுண்டு லினக்ஸுக்கு மாறலானார்கள். இன்று எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் அதில் இயங்குகின்றன.

ஐந்தாறு பேர் வேலை செய்யும் நம்முடைய சிறு காரியாலயத்துக்கும் இந்தப் படிமுறையே உகந்தது. முதலில் இருக்கும் விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸைப் பழகுக. பின்னர் லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டரும் ஸ்கேனரும் இணங்குகின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஸெர்வரை மாற்றுவது இன்னும் எளிது. ஒதுக்கி வைத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸும் ‘ஸாம்பா’வும் ஏற்றினால், மற்ற விண்டோஸ் யந்திரங்களுக்கு அது வழக்கமான பொதுக் கோப்புறையாகவே தோன்றும். குமாஸ்தாவுக்கு மாறுதலே தெரியாது. ஆனால் அதிலுள்ளவற்றுக்குத் தினந்தோறும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தே தீரவேண்டும். லினக்ஸ் ஆனாலும் டிஸ்க் பழுதாகாமல் இராது.

இடையூறுகளையும் மறைப்பதற்கில்லை. கணக்கு மென்பொருள்கள் சில விண்டோஸில் மட்டுமே செவ்வனே ஓடும். டிஜிட்டல் கையொப்பக் கருவிகள் சில தகராறு செய்யும். யூனிகோடுக்கு முந்திய பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த தமிழ்க் கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாவிடில் வெறும் குறிகளாகத் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைப்பது நலம். தேவையானால் ஒரு விண்டோஸ் யந்திரத்தை மட்டும் நிறுத்திக் கொள்வதில் இழுக்கில்லை.

லைசென்ஸுக்குப் பணமில்லை என்பதால் செலவே இல்லை என்று எண்ணுவது பிசகு. மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கையாவது ஆட்களைப் பழக்குவதற்கும், உள்ளூரில் பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு ஊதியம் தருவதற்கும் ஒதுக்கவேண்டும். கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸிலேயே கம்ப்யூட்டர் பயில்கிறார்கள். இந்திய பாஷைகளைக் கருதி ‘பாஸ்’ என்னும் லினக்ஸைச் சென்னையில் உள்ள சி-டாக் நிலையம் உருவாக்கியிருக்கிறது. ஆகவே, கற்பதற்கு நம்மவருக்குச் சக்தியில்லை என்று எவரும் சொல்ல முடியாது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதைக் கையாளக் கற்றவர் ஒருவராவது ஊருக்கு ஊர் இருந்தால்தான் அந்தச் சுதந்திரம் நம்முடையதாகும்.